தோற்ற பருவத்தின் கடைசி ஓவர்



2021ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டிகளைச் சேலத்துக்காரர்களாகிய நாம் எளிதில் மறக்க மாட்டோம். நம் சின்னப்பம்பட்டி நடராஜன் இடம்பெற்றிருந்த சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணி, 14 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்று, எட்டு அணிகளுள் எட்டாவதாக நின்றது. நடராஜனோ இரண்டே ஆட்டங்களுக்குப் பின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குச் சென்றார். அணித்தலைவர் வார்னரின் பதவியும் பாதியில் பறிபோயிற்று.

அப்பருவத்தில் என் நினைவில் நிலைத்திருப்பது அக்டோபர் 6ஆம் நாள் ஆட்டம். அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பை அணி முன்னமே இழந்திருந்தது. பெங்களூரு அணிக்குக் கடைசி ஓவரில் 13 ஓட்டங்கள் தேவை, களத்தில் டிவில்லியர்ஸ். புவனேஷ்வர் குமார் அவற்றை விட்டுக்கொடுக்கவில்லை. நான்கு ஓட்டங்களில் வெற்றி! பட்டியலில் அவ்வணியின் இடம் மாறவில்லை. ஆயினும் அந்த ஓவர் அரைமனதோடு வீசப்படவில்லை.

பலன் உடனே வந்துவிடவுமில்லை. 2023இலும் கடைசி இடமே கிடைத்தது. 2024இல்தான் அவ்வணி இறுதியாட்டத்தை எட்டியது. அவ்வாண்டு 19 விக்கெட்டுகளுடன் அணியில் முன்னின்றவர் நடராஜன்.

மரவள்ளிக்கு விலை விழுந்த ஆண்டிலும் அடுத்த நடவுக்கு விதைக்குச்சியைக் காத்துவைக்கும் உழவரை நீங்கள் அறிவீர்கள். இவ்வாண்டு உங்களுக்குத் தோல்வியின் ஆண்டாக இருக்கலாம். உங்கள் கையில் இன்னும் மீந்திருக்கும் ஓவர் எது? அதை முழுமனதோடு வீசுங்கள்.