தொப்பூர் இறக்கத்தில் ஒரு ரேஸ்

தர்மபுரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தமிழ் வாத்தியார் என்றால் அதியமான், ஔவையார், நெல்லிக்கனி என்பார். புது மாப்பிள்ளை என்றால் ஒகேனக்கல், பரிசல், மீன் வறுவல். லாரி டிரைவரைக் கேட்டால் ஒரே வார்த்தை: "தொப்பூர்!"

சேலத்திலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலை. முன்பு என்.எச். 7 என்றார்கள், இப்போது என்.எச். 44. கோயமுத்தூர்க்காரர் காரில் பெங்களூர் போவதென்றாலும் பெரும்பாலும் இதே வழிதான். ஓமலூர் தாண்டி, தீவட்டிப்பட்டி தாண்டி, தர்மபுரி மாவட்டத்துக்குள் நுழையும் இடத்தில் மலை குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது. போகும்போது ஏற்றம். இன்ஜின் முனகும், அவ்வளவுதான். திரும்பி வரும்போது இறக்கம். அங்கேதான் எமன் பாஸ் வாங்காமல் பயணம் செய்கிறான். 2020 டிசம்பரில், 2024 ஜனவரியில் என்று இந்த இறக்கத்தில் நடந்த கோர விபத்துகள் எல்லாப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் வந்தன.

இந்த ரோட்டில் போன மாதம் நான் போனது சுற்றுலாவுக்கு அல்ல, தூது. அக்கா மகனுக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜினீயரிங் முடித்துவிட்டான். ரேஸ் டிரைவர் ஆகப் போகிறானாம். பாலக்கோட்டில் அப்பாவுக்கு இருக்கும் மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கரை விற்றுப் பணம் தரவேண்டும் என்கிறான்.

"நீதான்டா அவனுக்குப் புத்தி சொல்லணும்" என்றாள் அக்கா.

"நீங்கதான் மாமா அப்பாகிட்ட எடுத்துச் சொல்லணும்" என்றான் பையன்.

ஆக, இரண்டு கட்சிக்கும் நான் ஒருவனே வக்கீல். ஃபீஸ் மட்டும் யாரும் பேசவில்லை.

சேலத்திலிருந்து அவனே காரை ஓட்டினான். நான் முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் நரேன் கார்த்திகேயன் புராணம்.

நரேன் சரித்திரத்தை நானும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். 1977-ல் பிறந்த கோவைப் பையன். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர் பெற்ற ராலி டிரைவர். நாமெல்லாம் டியூஷன் போகிற பதினைந்து வயதில், 1992-ல், பையன் பிரான்ஸ் போய் ரேஸ் ஸ்கூலில் சேர்ந்தான். திரும்பி வந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதி ஓட்டினான். 1994-ல் இங்கிலாந்து. 1996-ல் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். 2005 மார்ச் 6, மெல்போர்ன்: ஜோர்டான் டீமின் மஞ்சள் காரில், ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர்.

"பதினைந்து வயசுக்கும் மெல்போர்னுக்கும் நடுவுல எத்தனை வருஷம்?" என்று கேட்டேன்.

"பதிமூணு மாமா."

"உனக்கு இப்ப இருபத்திரண்டு. கூட்டிப் பாரு."

பையன் கியரை மாற்றினான். கூட்டிப் பார்க்கவில்லை.

அதே 2005 ஜூன். அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். டயர் பிரச்னையால் இருபது கார்களில் பதினான்கு கார்கள் கடைசி நிமிடத்தில் ஒதுங்கிக்கொண்டன. ஓடியவை ஆறே ஆறு. அதில் நரேன் நான்காவது. ஐந்து பாயிண்ட். சிலர் சிரித்தார்கள். ஆபீஸில் இருக்கிற நமக்குத் தெரியும், பந்த் அன்றைக்கும் டிபன் பாக்ஸோடு ஆஜராகிறவனின் அருமை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே... 2011, 2012 என்று ஹெச்.ஆர்.டி. டீமிலும் ஓட்டிய நரேன், ஃபார்முலா ஒன்னில் மொத்தமாகச் சேர்த்த பாயிண்டுகள் அந்த ஐந்துதான். சென்னைக்காரர் கருண் சந்தோக், 1984-ல் பிறந்தவர், 2010-லும் 2011-லுமாக ஓட்டியது பதினோரு பந்தயம், பாயிண்ட் பூஜ்யம். இந்தியாவிலிருந்து அந்தக் கதவுக்குள் நுழைந்தவர்கள் இந்த இருவர் மட்டுமே. இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள்!

திறமை இல்லையா? யார் சொன்னது? கருண் 2012-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், இரண்டு சக டிரைவர்களோடு மாறி மாறி ஓட்டி ஆறாவதாக வந்தார். நரேன் 2019-ல், 42 வயதில், ஜப்பானின் ஃபியூஜியில் ஜெயித்தார். பிரேக் பிடிக்கும்போது உடல் எடை ஐந்து மடங்காக முன்னால் தள்ளும். ஒரு பந்தயம் முடிவதற்குள் வியர்வையிலேயே இரண்டு மூன்று கிலோ காணாமல் போகும். அதையெல்லாம் தாங்கியவர்கள். ஆனால், வரிசையில் கடைசியாக நிற்கிற கார்தான் அவர்களுக்குக் கிடைத்தது. முன்வரிசைக் கார் வேண்டுமென்றால் கோடிகள் வேண்டும். நம் வேலையில் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறோம். ரேஸ் வேலையில் ஆரம்ப வருஷங்களில் சம்பளம் கொடுக்கவேண்டும்! கார் வாடகை, டயர், மெக்கானிக், பெட்ரோல் எல்லாம் உங்கள் பாக்கெட். ஸ்பான்ஸர் கிடைத்தால் பிழைத்தீர்கள். கிடைக்காவிட்டால் ஒரு ஏக்கர், அப்புறம் இன்னொரு ஏக்கர்...

தொப்பூர் ஏற்றம் முடிந்ததும் டீ குடிக்க நிறுத்தினோம். எதிர்ப்புறம் சேலம் போகிற லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. நாமக்கல் பக்கத்துக்காரர் ஒருவர், தோளில் துண்டு, ஒவ்வொரு டயரையும் கட்டையால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி. இருபத்தாறு வருஷ சர்வீஸாம்.

"அண்ணே, இங்க ஏன் இத்தனை ஆக்சிடென்ட்?" என்று பையனே போய்க் கேட்டான்.

"இறக்கம்தானேன்னு நியூட்ரல்ல விட்டுருவானுங்க தம்பி. டீசல் மிச்சமாம்! வெறும் பிரேக்கை நம்பி இறங்கினா டிரம் சூடாயிரும். சூடாயிட்டா பிரேக் பிடிக்காது. மிதிக்க மிதிக்க ஏர் எறங்கிரும். அப்புறம் சாமி பேரைச் சொல்லவேண்டியதுதான்."

"நீங்க எப்படி இறங்குவீங்க?"

"எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லதான் இறங்கணும். இன்ஜினே வண்டியைப் பிடிச்சிக்கும். கீழ போயி வீல்கிட்ட கையை வெச்சுப் பாரு. சுட்டுதுன்னா, நீ டிரைவர் இல்லேன்னு அர்த்தம்."

இதைப் பௌதிக வாத்தியார் வேறு மாதிரி சொல்வார். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. நாற்பதில் போகிற லாரியை நிறுத்த பிரேக் எவ்வளவு சூட்டை விழுங்கவேண்டுமோ, எண்பதில் அதைப்போல் நான்கு பங்கு. ஃபார்முலா ஒன் காரில் இதற்காகவே கார்பன் பிரேக். ஆயிரம் டிகிரி வரை தாங்கி நெருப்பாகச் சிவக்கும். அதுவும் வேலை செய்யும். லாரிக்கு இருப்பது இரும்பு டிரம்தான். பின்னால் இருப்பதோ பல டன் சிமெண்ட் மூட்டை.

பையன் முகத்தைப் பார்த்தேன். நரேன் பெயர் சொல்லும்போது இருந்த அதே மரியாதை. சந்தோஷமாக இருந்தது.

தர்மபுரி வந்தது. ஔவையார் இங்கிருந்துதான் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார். அங்கே ஆயுதசாலையில் வேல்கள் எண்ணெய் பூசி, மாலை போட்டுப் பளபளவென்று இருந்தனவாம். 'எங்கள் ராஜாவின் வேல்கள் முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்று பாட்டி பாராட்டுவதுபோலவே காலை வாரிவிட்டார். ஷோரூமில் நிற்கிற கார் தொண்டைமான் வேல். டிராக்கில் அடிபட்டு மெக்கானிக்கிடம் கிடக்கிற கார் அதியமான் வேல். வேடிக்கை என்னவென்றால், 1990-ல் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருப்பது அந்தத் தொண்டைமானின் காஞ்சிச் சீமையில்தான்! அதற்கு முன்பு சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்குக் கூட்டம் அலைமோதும்.

அதியமான் சீமைக்கும் பங்கு உண்டு. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, ஓசூர் தர்மபுரி மாவட்டம்தான். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. பால் கேன், கீரைக்கட்டு, சம்சாரம், இரண்டு குழந்தை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அசராமல் ஓடிய அதே கம்பெனி, 1982-லேயே ரேஸ் டீமும் வைத்துவிட்டது. அந்த டீமில் கேரளத்து ஹரித் நோவா 2024 டக்கார் ராலியில் சவூதிப் பாலைவனத்தைத் தாண்டி, மொத்தத்தில் பதினோராவது இடமும் தன் பிரிவில் முதலிடமும் பிடித்தார்.

பாலக்கோடு. மச்சான் தோட்டத்தில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

"மாப்ளே, நீ என்ன சொல்ல வந்தேன்னு தெரியும்" என்றார். "இவன் ஒருத்தன்தான் ரேஸ் ஓட்டுறானா? வருஷா வருஷம் நானும்தான் ஓட்டுறேன். ஒரு வாரம் தக்காளியைத் தங்கம் மாதிரி கேட்பான். அடுத்த வாரம் ரோட்டுல கொட்டிட்டு வரணும். ஆனா எந்த வருஷமும் நான் நிலத்தை வெச்சு ஆடினதில்லை. நிலத்துல ஆடுறேன். நிலத்தை வெச்சு ஆட மாட்டேன்."

எந்த மேனேஜ்மெண்ட் குருவும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதாக ஞாபகம் இல்லை. பையன் தலை குனிந்தான். இப்போது தூதன் பேசவேண்டிய கட்டம்.

"மச்சான், நிலம் வேண்டாம். ஆனா ஆசையையும் விற்க வேண்டாம்" என்றேன். கோவையில் கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். பணக்காரப் பிள்ளைகள் வெளிநாட்டுக் கார் இறக்கி ஓட்டிய காலத்தில், மாருதி இன்ஜினை வைத்து உள்ளூரிலேயே ரேஸ் கார் கட்டியவர். நரேன் ஆரம்பத்தில் ஓட்டிய ஃபார்முலா மாருதி அப்படி வந்ததுதான். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிப்பாளையத்து ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

"இவன் வேலைக்குப் போகட்டும். சொந்தச் சம்பளத்தில் கார்ட்டிங் ஓட்டட்டும். பைக் ஓட்டுவதென்றால் டிவிஎஸ்காரர்களே தேர்வு வைத்து, பைக்கும் கொடுத்துப் பந்தயம் நடத்துகிறார்கள். ஒரு வருஷம் பார்ப்போம். எங்க ஆபீஸ் மாதிரி இல்லை மச்சான். அங்கே பிரமோஷன் கொடுப்பது மேனேஜர் அல்ல, ஸ்டாப் வாட்ச். சொந்தக்காரன், வேண்டியவன், ஜால்ரா எதுவும் அதற்குத் தெரியாது. நேரம் நன்றாக வந்தால் மேலே யோசிக்கலாம். வராவிட்டால், ஒரு ஏக்கரும் தக்காளியும் இருந்த இடத்திலேயே இருக்கும்."

"நேரம் நல்லா வரலேன்னா?" என்றான் பையன் மெதுவாக.

"நரேனையே எடுத்துக்கோ. 2020-ல் டிரைவ்எக்ஸ் என்று பழைய டூவீலர் விற்கிற கம்பெனி ஆரம்பித்தார். 2022-ல் அதில் பங்கு வாங்கியது யார் தெரியுமா? ஓசூர் டிவிஎஸ்! இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் செகண்ட்ஹேண்ட் ஸ்கூட்டர் விற்பதில் வெட்கப்படவில்லை. கருண் டி.வி.யில் பந்தய வர்ணனை செய்கிறார். ரேஸ் டிரைவருக்கும் ரேஸ் முடிந்தபிறகு நாற்பது வருஷம் பாக்கி இருக்கும்டா."

மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கூடை தக்காளியை டிக்கியில் ஏற்றினார். எங்கள் குடும்பத்தில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. தொப்பூர் இறக்கம். பையன் மூன்றாவது கியரில் போட்டான். இன்ஜின் உறுமியது. வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்து, லைட் போட்டு, எங்களை ஏதோ சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போனது. பைக்கில் இரண்டு பையன்கள் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு பறந்தார்கள். இவன் கண்டுகொள்ளவில்லை. இரட்டைப் பாலத்துக்கு முன்னால் ஒரு பார லாரி நத்தை மாதிரி ஊர்ந்தது. அதன் பின்னாலேயே, இடைவெளி விட்டு, ஹாரன் அடிக்காமல் போனான். என் வலது கால் முதல் முறையாக ஓய்வு எடுத்தது.

சமதரை வந்ததும் ஓரமாக நிறுத்தினான். இறங்கிப் போய் முன் சக்கரத்தின் அருகே குனிந்து கையை நீட்டினான். அப்புறம் பின் சக்கரம். நான் ஜன்னலை இறக்கி, "என்னடா?" என்றேன்.

"லேசான சூடுதான் மாமா" என்றான், ஒரு கப் ஜெயித்த குரலில்.