அறிந்தார் இலரே

பெண்ணையாற்றின் நடுவே, திருக்கோவலூர்த் துறையில், ஒரு கல் நிற்கிறது. பறம்பை இழந்து, பாரியை இழந்து, பாரியின் மகளை மலையனிடம் ஒப்புவித்துக் கடன் முடித்த கபிலர் அங்கே தீப்புகுந்தார் என, வீரட்டானக் கோயிலின் இராசராசன் காலத்துக் கல்வெட்டு சான்று பகர்கிறது. வள்ளல் ஒருவன் இறந்தான். புலவர் ஒருவர் பாடினார். கல் ஒன்று நினைவில் வைத்தது. துயருக்கு நாவும், நாவுக்குக் கல்லும் வாய்த்திருந்த நிலம் இது. அந்நிலத்தின் மேற்றிசையில் நீலமாய் நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலைக்கு மேலே, நம் காலத்தில், ஒரு பேரிறப்பின் செய்தி வந்திறங்கிற்று. அறிந்தார் இலரே.

2022 அக்டோபர் 9, புரட்டாசி முழுமதி நாள்; மாலை 6 மணி 47 நிமிடம். கதிரவன் மலைக்கு அப்பால் மறைந்திருந்தான்; கீழ்வானில் மதி ஏறும் வேளை; தந்தையை இழந்த பாரி மகளிர் கலங்கி நோக்கிய அதே வெண்மதி. வெள்ளிமலையில் விளக்கேற்றும் பொழுது அது. கரியாலூரில் கன்று தாயைத் தேடும் பொழுது அது. அப்பொழுது, உச்சிவானினின்று சற்றே விலகி, அம்பு எனும் சிறு மீன்கூட்டத்தின் திசையிலிருந்து, 190 கோடி ஆண்டு நடந்து வந்த காமாக் கதிர் பொழிந்தது. மாந்தர் கருவிகள் கண்ட காமாக் கதிர் வெடிப்பு அனைத்தினும் ஒளி மிக்கது அது. பதினாயிரம் ஆண்டுக்கு ஒருமுறையே நேர்வது என ஆய்ந்தோர் கணித்தது. காற்று அதனைத் தன் மார்பில் ஏற்றுத் தடுத்தது. மேல்வானின் அயனி மண்டலம் ஒருமுறை நடுங்கி அமைந்தது. மண்மேல் ஒரு நிழலும் அசையவில்லை. அறிந்தார் இலரே.

பெருமீனே! கதிரவனினும் பன்மடங்கு பெருத்தாய். பெருத்தமையால் விரைந்து எரிந்தாய். ஐதரசனை ஈலியமாக்கி, ஈலியத்தைக் கரியாக்கி, கரியினின்று உயிர்வளி சமைத்து, ஈந்து ஈந்து வறியன் ஆகிய வள்ளல் போல, நெஞ்சில் இரும்பு மட்டும் எஞ்ச நின்றாய். இரும்பினின்று இனி ஒரு சுடரும் பிறவாது. தாங்கும் வெம்மை தளர, தன் எடையே தனக்குக் கூற்றாக, உன் நெஞ்சம் நொடிப்பொழுதில் உள்வீழ்ந்து கருந்துளை ஆயிற்று. அதனைச் சூழ்ந்து சுழன்ற பிழம்பு உன் உடலின் இருமுனையும் கிழித்து, ஒளியின் விரைவை ஒட்டிப் பாய்ந்தது. அப்பாய்ச்சலுள் ஒன்று எம் திசை நோக்கிற்று. கல்வராயனில் சாமை விதைப்பவர் இழுக்கும் மூச்சும், கோமுகி சுமக்கும் நீரின் உயிர்வளியும் உன் குலத்தார் இறந்து ஈந்த கொடை. முல்லைக்குத் தேர் ஈந்தவனைப் பாட ஒருவர் இருந்தார். மூச்சை ஈந்த குலத்தை அறிந்தார் இலரே.

உன் குலமும் தேய்கிறது. 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது. இன்று அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே எஞ்சிற்று. வள்ளல்கள் அருகிய உலகில் வாழ்கின்றோம். 2008 மார்ச் 19இல், வெறுங்கண்ணுக்கும் எட்டும் அளவு ஒளிர்ந்து ஒரு மீன் மடிந்த செய்தி வந்தது. கதிரவன் பிறக்கும் முன்னரே புறப்பட்ட ஒளி அது. அரை நிமிடமே நின்றது. கல்வராயனில் அப்பொழுது முற்பகல் 11 மணி 42 நிமிடம். அடிவானுக்குக் கீழே அது எரிந்து அவிந்தது. ஆறாமீன் ஏறுவதையும் விடிவெள்ளி முளைப்பதையும் கொண்டு இரவை அளந்த முதியோர் குறைகின்றனர். அவர் அளந்த இருளும் ஊர்விளக்கில் கரைகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015இல் எழுந்த அஸ்ட்ரோசாட் விண்கலம், 2023க்குள் இத்தகைய காமாக் கதிர் வெடிப்புகள் 600க்கு மேல் எண்ணிற்று. ஒவ்வொன்றுக்கும் வந்த நாளே பெயர். நீயும் 221009ஏ ஆயினை. குடியும் ஊரும் கொற்றமும் சொல்லி அழைத்தற்கு உன்னை அறிந்தார் இலரே.

ஆயினும் ஒன்று உண்டு. உன் ஒளி புறப்பட்ட நாளிலேயே இம்மலையின் பாறை இறுகிப் பல கோடி ஆண்டு கடந்திருந்தது. நீ அவிந்தபோதும் அது நின்றது. உன் இறுதிச் சுடர் வந்து விழுந்தபோதும் அது நின்றது. பெயர் பொறியாத நடுகல்லாய் இன்றும் நிற்கிறது. இறந்தோய் நீ, கல் இம்மலை, புரட்டாசிதோறும் முழுமதி ஏறிவந்து, பாடுவாரைத் தேடி, மலைச்சரிவெங்கும் ஒளி பரப்பி, மேற்கே இறங்குகிறது.