இருங்காட்டுக்கோட்டையில் ஒரு குட்டி ‘உ’

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வருகிறது இருங்காட்டுக்கோட்டை. கார் பந்தயத் தடத்தால் பெயர் தெரிந்திருந்த ஊர். 1998-ல் ஹுண்டாய் ஆலையின் சான்ட்ரோ வந்த பிறகு கதையே வேறு. இன்று இந்தச் சாலையோரப் பெயர்ப் பலகைகளில் கொரிய எழுத்தும் உண்டு.

கொரியரும் தமிழரும் சந்தித்தால் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். இருவருக்குமே இரவல் மொழி! வம்பு உயிரெழுத்தில் ஆரம்பிக்கிறது. கொரியப் பேச்சில் இன்று குறில், நெடில் வேறுபாடு அநேகமாக மறைந்துவிட்டது. ‘ஃப’ ஒலியும் கிடையாது. மாத்திரையைக் குறிக்கும் ‘பில்’, தோலுரிக்கும் ‘பீல்’, நிரப்பச் சொல்லும் ‘ஃபில்’, தொட்டுணரும் ‘ஃபீல்’ நான்கையும் கொரிய எழுத்தில் எழுதினால் ஒன்றே ஒன்றுதான். எண்ணெயை ஊற்றுவதா, தொட்டுப் பார்ப்பதா? மெஷின் முன்னால் நிற்பவருக்கு இது விளையாட்டில்லை. கல்லையும் காலையும் பிரித்தே பழகிய தமிழ்க் காது இங்கே திணறத்தான் செய்யும்.

ஆனால், ஒரு விஷயத்தில் இருவரும் பங்காளிகள். ‘பசு’, ‘காசு’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பசுவில் குவிகிற உதடு காசில் குவியாது. குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். கொரிய மொழியில் இதற்குத் தனி எழுத்தே இருக்கிறது: வெறும் ஒரு படுக்கைக் கோடு. மன்னர் செஜோங் 1443-ல் உருவாக்கிய எழுத்துகளில் ஒன்று. மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல்லைக் கொரியர் பலசமயம் இந்தக் கோட்டைப் போட்டுத்தான் முடிக்கிறார். நம் ‘பஸ்ஸு’ அவருக்குப் ‘பொஸு’. ஆங்கிலேயருக்கு இரண்டே அசையான கிறிஸ்மஸ், அவர் வாயில் ‘குரிசுமாசு’ என்று ஐந்தாகிவிடும். லண்டன்காரர் விழிப்பார், ‘காரு’, ‘லைட்டு’ என்று பேசும் நமக்கு அது அந்நியமாகவே படாது.

கொரியம் கற்கும் தமிழருக்குக் கஷ்டம் வேறிடத்தில். அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கிறது. ‘நவீனம்’ என்று பொருள்படும் ஹுண்டாயின் பெயரிலேயே அது உண்டு. கொரியர் சொல்வது ஏறக்குறைய ‘ஹ்யொன்தே’. அந்த ஒலியைப் பிடிக்கச் சுலப வழி, அவர்கள் அம்மாவை அழைக்கும் சொல். அம்மாவும் இல்லை, ஒம்மாவும் இல்லை, நடுவில் நிற்கும். அப்பா மட்டும் அங்கேயும் அப்பாவேதான்.

காபிக்கும் அதே நடு உயிர்தான். ‘ஃப’ வராத வாயில் அது ‘கொப்பி’ போல ஒலிக்கும். ‘காப்பி’ போடுகிற ஊரில் அதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?