கிண்டியில் விழுந்த வெயில்

நாலு மாதமாக நான் ஒரு கிண்டி செய்தேன். பித்தளையில் அல்ல, கணினியில். புத்தளத்தில் ஓர் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழும் நோட்டீசும் வடிவமைத்துக் கொடுப்பவனுக்கு இது தேவையில்லாத வேலைதான். பிள்ளைகள் உறங்கிய பிறகு பிளென்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைத் திறந்துகொண்டு உட்காருவேன். காசு கொடுக்கத் தேவையில்லை என்பதால்தான் அது என் கைக்கு வந்தது. 2002இல் அதன் பாவனையாளர்கள் ஏழே வாரத்தில் ஒரு இலட்சம் யூரோ சேர்த்து அதை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள்.

அந்தக் கிண்டி யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் வீட்டு மண்டபத்தில், யன்னலோரச் சிறிய மேசையில் இருந்தது. பக்கத்தில் வெற்றிலை வட்டாவும் பாக்குவெட்டியும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரோடு வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. அல்பங்களும் அங்கேயே நின்றுவிட்டன. அந்த வீட்டின் ஒரு படம்கூட எங்களிடமில்லை. வாசற்படி தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். கிண்டியின் வயிற்றில் வெயில் விழுந்து பளபளத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலை நேரத்து வெளிச்சத்தை ஒரு தரமாவது உம்மாவின் கண்ணுக்குக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

உருவம் செய்வது இலகு. பாத்திரத்தின் பாதி வளைவை மட்டும் ஒரு கோடாக வரைந்து, அதை அச்சில் சுற்றவிட்டால் குயவனின் சக்கரத்தில் எழும்புவதுபோல முழுப் பாத்திரமும் எழும்பிவிடும். மூக்குத்தான் தொல்லை தந்தது. முப்பரிமாண வரைகலையில் மிகவும் பேர்போன பொருளும் மூக்குள்ள ஒரு பாத்திரமே. 1975இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆய்வாளர் எதை உருவாக்கிப் பார்ப்பதென்று யோசித்தபோது, அவரது மனைவி தேநீர் மேசையில் இருந்த கேத்தலைக் காட்டினாராம். அதைக் கட்டத்தாளில் வரைந்து எண்களாக்கினார். அந்த வெள்ளைக் கேத்தல் இன்று கலிபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் எழுதிய எண்களில் அதற்கு அடிப்பாகமே இருக்கவில்லை. கீழிருந்து யாரும் பார்க்கப் போவதில்லை என்று விட்டிருக்கலாம். நியூவெலுக்கு எதிரே கேத்தல் இருந்தது. எனக்கு எதிரே ஒன்றுமில்லை.

பித்தளையின் மஞ்சளைக் கொடுத்து முதற்தடவை வெளிச்சத்தைக் கணக்கிடவிட்டேன். கிண்டி கரிச்சட்டிபோல் வந்தது. ஏதோ பிழை விட்டேன் என்று இரண்டு இரவு தடுமாறினேன். பிழை ஒன்றுமில்லை. மினுக்கிய உலோகம் தன்னைக் காட்டுவதில்லை, சுற்றியிருப்பதைத்தான் காட்டும். நான் அதை ஒன்றுமில்லாத இருட்டில் வைத்திருந்தேன். அது இருட்டைக் காட்டியது.

ஆகவே, படத்துக்குள் வராத மண்டபத்தையும் கட்டவேண்டி வந்தது. சுவர், யன்னல், கதவு, முற்றத்துச் சுவரின் வெள்ளை, எல்லாம். 2002இல் ஏ-9 பாதை திறந்தபோது போய்ப் பார்த்தேன். கூரையுமில்லை, நிலைகளுமில்லை, யன்னல் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. மண்டபத்தைக் காலடியால் அளந்து வந்த கணக்கு இப்போது உதவியது. யன்னற் கம்பி எத்தனை? ஐந்து என்றார் உம்மா. ஏழு என்றார் ராத்தா, நீர்கொழும்பிலிருந்து, ரெலிபோனில். அந்தக் கம்பிகள் கிண்டியின் வயிற்றில் ஒரு நகக்கண் அளவுக்குத்தான் தெரியப் போகின்றன. ஆனாலும் அன்றிரவு இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் வாதாடினார்கள். அந்த வீட்டைப் பற்றி அவர்கள் அழாமல் கதைத்ததை நான் கேட்டது அன்றுதான். ஐந்தையே போட்டேன்.

ஓரளவு முடிந்ததும் உம்மாவிடம் காட்டினேன்.

“இது கடையில விக்கிற கிண்டி மகன். நம்மட கிண்டி இல்ல.”

சரியாகச் சொன்னார். கணினி செய்யும் பொருளெல்லாம் அன்றுதான் பிறந்ததுபோலிருக்கும். அதன் விளிம்புகள் கத்தி முனைபோலக் கூராக வரும். உலகத்தில் அப்படிக் கூரான விளிம்பு கிடையாது. கரைகளை மெல்ல மழுக்கினால் அங்கே ஒரு வெளிச்ச நூல் ஓடும், அப்போதுதான் கண் நம்பும். கைபட்ட இடத்தில் மங்கல் வேண்டும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த நுண்ணிய கீறல்கள் வேண்டும். ராத்தா கிணற்றுக்கட்டில் போட்டு நெளித்த நெளிவு மூக்குக்கு இடப்பக்கம் வேண்டும். இதை ராத்தா இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. நான் போட்டதாம்.

அது 2022. நாளுக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்த மார்ச் மாதம். ஒரு படத்தை முழுசாகக் கணக்கிட என் பழைய கணினிக்கு ஒன்பது மணித்தியாலம் பிடிக்கும். ஒளிக்கதிர்கள் எங்கெங்கே மோதித் திரும்புகின்றன என்று ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான தரம் தேடிப் பார்க்கும் வேலை அது. கதிர் குறைந்தால் படம் மணல் தூவியதுபோல் வரும். பாதியில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. படத்தைத் துண்டுகளாகப் பிரித்து, கரண்ட் இருக்கிற நேரத்தில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினேன்.

அந்தப் படத்தைக் கையில் வாங்கி உம்மா வெகுநேரம் பார்த்தார்.

“கிண்டி இதுதான். ஆனா இது பின்னேரம்.”

“இல்ல உம்மா, காலை. நாம வெளிக்கிட்ட நேரம்.”

“அந்த யன்னலால காலையில வெயில் வராது மகன். அஸருக்குப் பிறகுதான் வரும். அது மேக்குப் பக்கம்.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் கண்ணால் பார்த்ததல்லவா? பிளென்டரில் சூரியனின் இடத்தைக் கணக்கிடும் ஒரு துணைச்செயலி உண்டு. ஊரின் அகலாங்கு, நெட்டாங்கு, திகதி, நேரம் கொடுத்தால் போதும். யாழ்ப்பாணம், 1990 ஒக்டோபர் 30, காலை பத்தரை என்று கொடுத்தேன். கீழைத் தேசத்துச் சூரியன் வீட்டின் பின்பக்கமாக உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மேற்கு யன்னலில் ஒரு கீற்றுமில்லை. மேசை மங்கிக் கிடந்தது, கிண்டி வெறும் மங்கல் மஞ்சள். நேரத்தைப் பின்னேரம் நாலுக்கு நகர்த்தினேன். 25 பாகைக்குத் தாழ்ந்த வெயில் கம்பிகளுக்கூடாக நீண்டு வந்து கிண்டியின் வயிற்றில் விழுந்தது. முப்பது வருசத்துக்கு மேலாக நான் சுமந்து திரிந்த அதே பளபளப்பு.

அன்று காலை நான் அதைப் பார்த்திருக்க முடியாது. வேறு ஏதோ ஒரு பின்னேரத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்து சும்மா நின்றபோது பார்த்ததை, எப்போதோ கொண்டுபோய் அந்தக் காலைக்குள் வைத்துவிட்டேன். ஆத்திரம்தான் வந்தது, உம்மாவிலும் அந்த மென்பொருளிலும். இரண்டு நாள் கணினியைத் திறக்கவில்லை. இந்த ஞாபகத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இதே பக்கங்களில் எழுதுகிற நண்பர்களிடம்கூட.

மூன்றாம் நாள் நேரத்தை நாலுக்கே வைத்துக் கடைசிப் படத்தை எடுத்தேன். முன்னரெல்லாம் ஓவியர்கள் இப்படியான பாத்திரங்களை வரைந்தபோது யன்னலையும் அதில் வரைந்தார்கள். கிளாரா பீட்டர்ஸ் என்ற பெண் ஓவியர் 1612இல் வரைந்த ஒரு படத்தில், பொற்கிண்ணத்தின் குமிழ்களில் தன் முகத்தையே சின்னஞ்சிறிதாகத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். கணினியின் கமராவுக்கு உடம்பு கிடையாது. அதற்குப் பின்னால் நிற்பவன் உலோகத்தில் விழமாட்டான். என் கிண்டிக்குள் யன்னல் தெரிகிறது, கதவு தெரிகிறது, முற்றத்து வெளிச்சம் தெரிகிறது. அவ்வளவுதான்.

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வயிற்றுக்குள்தான் குனிந்து பார்த்தார்.

“இதுக்குள்ள ஒருத்தரையும் காணல்லயே?”

கமராவைப் பற்றி நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

“அஸர் நேரம்தானே,” என்றார். “நான் குசினிக்குள்ள தேத்தண்ணி ஊத்திக்கொண்டு இருந்திருப்பன்.”