பில்லுக்கு மேல் எவ்வளவு?

மார்ச் 29, 2025, சனி

காலைப் பத்திரிகையில் தேடிப் படித்தது டெல்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. உணவகங்கள் பில்லில் தாங்களாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகள் செல்லும் என்று நீதிபதி பிரதிபா எம். சிங் நேற்று சொல்லிவிட்டார். எதிர்த்து வழக்குப் போட்ட இரண்டு உணவகச் சங்கங்களும் தலா ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். நெறிமுறைகள் வந்த மாதமே இடைக்காலத் தடையும் வந்ததால், இரண்டரை வருடத்துக்கு மேல் விஷயம் அந்தரத்தில் தொங்கியது.

ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் பில்லில் சர்வீஸ் சார்ஜ் வரும் இடம் எனக்குப் பழக்கம். மேலே சாப்பாட்டு விலை. அதற்குக் கீழே ஐந்திலிருந்து இருபது சதவீதம் வரை சர்வீஸ் சார்ஜ். இரண்டையும் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி. சாப்பிட வந்தவர்களில் பலர் அதையும் அரசாங்க வரி என்று எண்ணிக் கட்டிவிட்டுப் போனார்கள். விவரம் தெரிந்தவர்களோ, பரிமாறியவருக்குத்தான் கொடுத்தாயிற்றே என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. அந்தப் பணம் முதலில் நிர்வாகத்தின் கைக்குத்தான் போகிறது. அதில் எவ்வளவு கீழே இறங்கியது என்று பில்லைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

தீர்ப்பில் எனக்கு முழுச் சம்மதம். செலவு கூடினால் மெனு கார்டில் விலையைக் கூட்டிப் போடட்டும். நாம் பார்த்துவிட்டு உட்காரலாம். டிப்ஸ் என்பது சாப்பிட்டவர் மனமுவந்து கொடுப்பது. ஆனால் உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டால் பொறுப்பும் நம்மிடமே வந்துவிடுகிறது. எவ்வளவு, யாருக்கு, எதற்காக? இதை ஆற அமர யோசித்து எனக்கென்று ஒரு முறை வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

மதியம் திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ். சாப்பாடும் ஆம்லெட்டும் சேர்த்து 142 ரூபாய். கல்லாவுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை நிற்கிறது. எனக்கு முன்னால் நின்ற நான்கு பேரும் போனை நீட்டினார்கள், சத்தம் வந்தது, கிளம்பினார்கள்.

நான் தட்டுக்கடியில் இருபது ரூபாய் வைத்ததைப் பார்த்த பெரியவர், பல வருடமாக அங்கே பரிமாறுகிறவர், சொன்னார்: “நீங்க நோட்டு வெக்கறீங்க மேடம். இப்பல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு அப்படியே போயிடறாங்க. முன்ன ராத்திரி டீக்கும் பஸ்ஸுக்கும் கையில நிக்கும். இப்ப அதுவும் சம்பளத்துலேர்ந்துதான் போகுது.”

ஆபீஸுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு. நம் ஊரில் டிப்ஸ் என்பது மீதிச் சில்லறையில் பிழைத்த பழக்கம். 142 ரூபாய்க்கு 200 கொடுத்தால் 58 ரூபாய் சோம்புத் தட்டில் திரும்பி வரும். ஐம்பதை எடுத்துக்கொண்டு எட்டை விடுவோம். மனசு நிறைந்திருந்தால் பதினெட்டை விடுவோம். யாரும் கணக்குப் போட்டுக் கொடுத்ததில்லை. 2016-ல் யுபிஐ வந்தது. அதே வருடம் நவம்பரில் பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போக, ஊரே போனைப் பிடித்துக்கொண்டது. இப்போது 142 என்றால் 142 தான் போகிறது. மிச்சம் என்று ஒன்று திரும்பி வருவதே இல்லை. யாரும் கஞ்சத்தனம் பழகிவிடவில்லை. கொடுப்பதற்கு இருந்த வழி மட்டும் அடைபட்டுவிட்டது. அந்த நட்டத்தைச் சுமப்பவர், காலையிலிருந்து வாளியும் கரண்டியுமாக நடக்கிறவர்.

அவருடைய நம்பருக்கே அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தேன். “டூட்டில போன் வெச்சுக்கக் கூடாது மேடம், கவுண்டர்ல வாங்கி வெச்சுடுவாங்க” என்றார். கல்லா அட்டையில் கூடுதலாகப் போட்டால் அது முதலாளியின் பேங்க் கணக்குக்குத்தான் போகும். ஆகவே நோட்டுதான் வழி. சாயங்காலம் பேங்க்கில் பத்து ரூபாய் நோட்டுக் கட்டு ஒன்று கேட்டு வாங்கினேன். கைப்பையில் அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பர்ஸ்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணா நகரில் ஏசி ஹோட்டலில் இரவுச் சாப்பாடு. அண்ணன், அண்ணி, குழந்தைகள், அம்மா, நான். பில் 2,400, சிஜிஎஸ்டி 60, எஸ்ஜிஎஸ்டி 60, ஆக 2,520. அண்ணன் ஐம்பது ரூபாயை வைத்துவிட்டு எழுந்தான்.

“இவ்வளவு போதுமா?” என்றேன்.

“நான் ரொட்டி வரலன்னு எத்தன தடவ கேட்டேன், அரை மணி நேரம் கழிச்சு வந்துது. அதுக்கு இதுவே ஜாஸ்தி.”

“அது அடுப்படில ஆன லேட்டு. அந்தப் பையன் ஒருத்தனே ஆறு டேபிள் பாக்கறான். நீ சத்தம் போட்டப்பவும் அவன்தான் வாங்கிண்டான், உள்ள இருக்கறவங்க இல்ல.”

அண்ணனின் கட்சி இது: நன்றாகக் கவனித்தால் கூடக் கொடு, இல்லாவிட்டால் குறைத்துக்கொள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நாம் கவனிப்பு என்று எதை அளக்கிறோம்? அடுப்பின் வேகம், ஆள் பற்றாக்குறை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பரிமாறுகிறவருக்கு மார்க் போடுகிறோம். சிரித்துப் பேசுகிறவருக்குக் கூடுதல், தமிழ் சரளமாக வராத வட இந்தியப் பையனுக்குக் குறைவு என்று அது போய் முடியும். உழைப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவமரியாதையாக நடந்தால் மேனேஜரிடம் சொல்லலாம். அதற்காக இருபது ரூபாயைப் பிடித்துக்கொண்டு தண்டிப்பது சாப்பிட வந்தவரின் வேலை இல்லை.

ஜிஎஸ்டி வரியைக் காட்டி, அதைப் போல இரண்டு மடங்கு, 240 வைப்போம் என்றேன். 2017 நவம்பரிலிருந்து பெரும்பாலான உணவகங்களில் வரி ஐந்து சதவீதம்; அதை இரட்டித்தால் பத்து. மனக்கணக்கே தேவையில்லை, பில்லே சொல்லிவிடும். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள பெரிய ஹோட்டல்களில் மட்டும் வரி பதினெட்டு சதவீதம். அங்கே இந்தக் கணக்கு உதவாது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இருநூறை எடுத்தான். நான் நாற்பதைச் சேர்த்தேன்.

அதுவரை சும்மா இருந்த அம்மா கேட்டாள்: “போட்டவனுக்குக் குடுத்தாச்சு. எச்சத் தட்ட எடுத்துண்டு போச்சே ஒரு பிள்ள, அதுக்கு யாரு குடுக்கறது?”

ஏப்ரல் 10, வியாழன்

அம்மாவின் கேள்வி விடவில்லை. ஆபீஸில் இன்று ஒரு ஹோட்டலின் சம்பளப் பதிவேடு கைக்கு வந்தது. மாஸ்டர், சப்ளையர், கிளீனர், பாத்திரம் தேய்ப்பவர் என்று வரிசையாகப் பெயர்கள். கீழே போகப் போகத் தொகை சுருங்குகிறது. கடைசி வரிகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் ஒடிசா, அசாம், பீகார் முகவரிகள். மூன்று வேளைச் சாப்பாடும் மாடியில் படுக்க இடமும் உண்டு. தமிழ்நாட்டில் ஹோட்டல் தொழில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த தொழில்களில் ஒன்று. வேலைக்குத் தகுந்தபடி அடிப்படைக் கூலியும் அதன்மேல் பஞ்சப்படியும் உண்டு. அந்த அட்டவணையிலும் எச்சில் எடுப்பவர் அடியில்தான் இருக்கிறார். நம் மேஜைக்கு வந்தும் நம் கண்ணில் படாதவரும் அவர்தான். நாம் கை கழுவப் போன பிறகு அவர் வருகிறார்.

டிப்ஸ் பிரிப்பதில் கடைக்குக் கடை முறை மாறுகிறது. சில இடங்களில் அவரவர் மேஜைப் பணம் அவரவருக்கு. சில இடங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் டப்பா வைத்து, ராத்திரி எண்ணிப் பங்கு போடுகிறார்கள். அதில் கிளீனருக்கும் பங்கு உண்டா என்பது அந்தக் கடை வழக்கத்தைப் பொறுத்தது. உடைந்த கண்ணாடி டம்ளருக்கு டப்பாவிலிருந்து கழித்துக்கொள்ளும் முதலாளிகளும் இருக்கிறார்கள்.

அப்படிக் கழிப்பது சரியில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல ஆதாரம், எங்கள் தொழிலில் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் ஒரு வழக்கு. ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வாடிக்கையாளர் கார்டில் சேர்த்துக் கொடுக்கும் டிப்ஸ் ஹோட்டல் தரும் சம்பளம் ஆகாது, நிர்வாகம் அதை ஊழியருக்காக நம்பிக்கையின்பேரில் கையில் வைத்திருந்து ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். எனவே அதற்கு நிர்வாகம் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை. வரி விஷயத்துக்காகச் சொன்ன தீர்ப்பு என்றாலும், அடியில் இருக்கும் நியாயம் எளிது. கல்லா வழியாகப் போனாலும் அது கல்லாவின் பணம் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. நியூ ஜெர்ஸியிலிருந்து வந்திருக்கும் அக்கா மகனோடு மயிலாப்பூரில் டிபன். பில்லைப் பார்த்ததும் இருபது சதவீதம் எடுத்து வைத்தான்.

“பழகிடுச்சு சித்தி. அங்க வெக்கலேன்னா அவங்க வாடகையில கை வெச்ச மாதிரி.”

அவன் சொன்னது நிஜம். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-ல் வந்த அந்தத் தொகை இன்னும் மாறவில்லை. பொதுவான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், நடுவில் உள்ள பள்ளத்தை டிப்ஸ் நிரப்பும் என்பது கணக்கு. நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள்தான் முழுக் கூலியையும் கொடு, டிப்ஸ் தனி என்கின்றன. இந்தப் பழக்கத்துக்கு வேர் பழையது. அடிமைமுறை ஒழிந்த பிறகு புல்மன் ரயில் பெட்டி நிறுவனம் கறுப்பினத்தவரைச் சொற்பச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, மீதியைப் பயணிகளின் கைக்கு விட்டது. அந்த ஊழியர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 1937-ல்தான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட முடிந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தெளிவானது. டிப்ஸ் பெருகினால் மட்டும் தொழிலாளிக்கு விடிந்துவிடாது. “டிப்ஸ் வருதே, எதுக்குச் சம்பளம் ஏத்தணும்?” என்று ஒரு முதலாளி கேட்கத் தொடங்கிய நாளில், நாம் கொடுத்தது தொழிலாளிக்குப் போகாமல் முதலாளியின் செலவைக் குறைக்கப் போய்விடுகிறது. பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து, டிப்ஸ் முழுவதையும் ஊழியருக்கே நியாயமாகப் பிரித்துத் தர வேண்டும் என்று சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சின்ன விஷயங்களை இன்று தீர்த்துக்கொண்டேன். நின்றுகொண்டே சாப்பிடும் செல்ஃப் சர்வீஸ் கடையில் பரிமாறுவோர் இல்லை. மேஜை துடைப்பவர் இருக்கிறார், அவர் கையில் பத்து ரூபாய். பார்சல் வாங்கினால் தேவையில்லை; பத்துப் பொட்டலம் கட்டச் சொன்னால் கட்டியவருக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவருபவருக்கு இந்த வெயிலில் முதலில் தண்ணீர், பிறகு கையில் நோட்டு.

மே 1, வியாழன்

தொழிலாளர் தினம். எங்கள் ஆபீஸுக்கு விடுமுறை. தெருமுனை ஹோட்டல் திறந்திருக்கிறது. ஒரு மாதமாக யோசித்ததை எழுதி முடிக்கிறேன்.

ஏசி ஹாலில் பில்லைப் பார்த்துப் பத்து சதவீதம். மெஸ்ஸில் சதவீதம் பார்க்கக் கூடாது. அங்கே 130 ரூபாய்ச் சாப்பாட்டுக்குச் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம் என்று ஒருவர் நம் இலைக்கு எட்டுப் பத்து முறை வந்து குனிகிறார். ஏசி ஹாலில் 600 ரூபாய்ப் பண்டத்தை ஒரே தடவையில் கொண்டுவந்து வைத்துவிடலாம். சதவீதம் விலையை அளக்கிறது, நடையை அளப்பதில்லை. ஆகவே இலைச் சாப்பாடு என்றால் தலைக்கு இருபது; டிபன் என்றால் பத்து. எச்சில் எடுப்பவருக்குத் தனியாகப் பத்து, அவர் கையில், முகத்தைப் பார்த்து. இந்தத் தொகையைச் சாப்பிட உட்காரும் முன்பே சாப்பாட்டு விலையில் சேர்த்துக்கொள்வேன். அதற்குக் கையில் பணம் இல்லாத நாளில் ஒரு தோசையைக் குறைத்துக்கொள்ளலாம். கோபத்தில் தொகையைக் குறைப்பதில்லை. டப்பா வைத்திருக்கும் கடையில், கிளீனருக்கும் இதில் பங்கு உண்டா என்று கல்லாவில் கேட்பேன். வாடிக்கையாளர் கேட்கிறார் என்றால் கடைக்காரர் யோசிப்பார்.

இவ்வளவும் சாப்பிடுகிறவர் செய்யக்கூடியது. பெரிய கடமை முதலாளியுடையது. அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு 400 சாப்பாடு போகும் ஒரு மெஸ், சாப்பாட்டுக்கு மூன்று ரூபாய் கூட்டினால் தினம் 1,200. முப்பது நாளுக்கு 36,000. பன்னிரண்டு பேர் வேலை செய்தால் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் சம்பளம் ஏறும், எச்சில் எடுப்பவர் உட்பட. சாப்பிட வருகிறவர் மூன்று ரூபாய்க்காக வேறு கடை தேடிப் போக மாட்டார். பக்கத்து ஹோட்டல்காரரும் கூட்டினால் அந்தப் பயமும் இல்லை.

எங்களிடம் கணக்கு எழுதக் கொடுக்கும் ஹோட்டல்காரர்கள் இந்த மாதம் வருடக் கணக்கு முடிக்க வருவார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பதிவேட்டை வைத்தே இந்த மூன்று ரூபாய்க் கணக்கைப் போட்டுக் காட்டப் போகிறேன். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் பாடு. ஆனால் கட்டுப்படியாகாது என்று இனி ஒருவரும் என்னிடம் கணக்கைப் பார்க்காமல் சொல்ல முடியாது.