மகரக்கட்டு

ஆண்டுதோறும் டிசம்பர் 24ஆம் நாள் இரவு எட்டரை மணிக்கு வானொலிப் பெட்டியின் அருகே அமர்வது நம் வழக்கம். அவ்வேளை இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணி. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்திலிருந்து, இசைக்கருவி எதன் துணையுமின்றி, ஒரு சிறுவனின் குரல் தனித்து எழும். அவ்வழிபாடு நம்முடையதன்று, எனினும் அந்தக் குரலின் தூய்மை எவர் நெஞ்சையும் தொடும்.

1441இல் அக்கல்லூரியை நிறுவிய மன்னர் ஆறாம் ஹென்றி, தேவாலயத்தில் பாடப் பதினாறு சிறுவர் வேண்டும் என்று விதித்தார். இன்றும் அதே பதினாறுதான். முதல் உலகப்போர் ஓய்ந்த 1918இல், போர்முனையில் படைக்குருவாகப் பணியாற்றித் திரும்பிய எரிக் மில்னர்-ஒயிட், ஒன்பது வாசகங்களும் பாடல்களும் கொண்ட இக்கிறிஸ்துமஸ் வழிபாட்டை அங்கே தொடங்கினார். 1928 முதல் பி.பி.சி. அதனை ஒலிபரப்பி வருகிறது. 1930 மட்டுமே விடுபட்டது. இரண்டாம் உலகப்போரில் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிப் பாதுகாத்தார்கள். பாட்டு மட்டும் ஓயவில்லை.

முதற்பாடலுக்குச் சிறுவர் பலர் ஆயத்தமாக நிற்பர். இசை இயக்குநர் இறுதி நொடியில் ஒருவனுக்குச் சைகை காட்டுவார், அவன் பாடுவான். ஆயினும் அக்குரலுக்கு ஆயுள் சில ஆண்டுகளே. பதின்மூன்று வயதளவில் மகரக்கட்டு உடையும், சிறுவன் விடைபெறுவான், வேறொருவன் அவ்விடத்தில் நிற்பான்.

இதனை நாம் எண்ணிப் பார்க்க நேர்ந்தது நம் மகனால். பள்ளி ஆண்டுவிழாவில் பாடிக்கொண்டிருந்தபோது அவன் குரல் பிளந்தது. அவை சிரித்தது. “வாப்பா, இனிமேல் நான் பாடவே மாட்டேன்” என்றான். “எல்லாம் சரியாகிவிடும்” என்று இலேசாகச் சொல்லிவிட்டோம். அந்த அலட்சியத்திற்கு விலையாக ஈராண்டுகள் வீடு பாட்டின்றிக் கிடந்தது.

பின்னொரு டிசம்பர் இரவில் அவனை அருகே அமர்த்திக் கேட்கச் செய்தோம். “தம்பி, கீழே ஒலிக்கும் கனத்த குரல்களைக் கவனி. அவை கல்லூரி இளைஞர்களுடையவை. அவர்களும் ஒருகாலத்தில் குரல் உடைந்தவர்கள்தாம். அவர்கள் இல்லையேல் சிறுவர் பாட்டுக்கு அடித்தளம் ஏது?” என்றோம். அவன் மறுமொழி கூறவில்லை.

ஐந்நூறு ஆண்டு கடந்த மரபின் இரகசியம் நமக்கு அன்றுதான் விளங்கியது. குரல் மாறியவனுக்கும் அவையில் ஓர் இடம் வைத்திருக்கத் தெரிந்த மரபே நிலைக்கிறது.

சில நாள்களுக்குப் பின் ஒரு விடியலில் கிணற்றடியிலிருந்து தாழ்ந்த, பழக்கமில்லாத முனகல் ஒன்று கேட்டது. கதவைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டோம். பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றோம்.