தனுஷ்கோடியில் ஒரு கை ஜலம்

சென்ற மார்கழியில் என் தாயாரின் வருஷ திதிக்காக இராமேசுவரம் போயிருந்தேன். ஓராண்டில் துக்கம் ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. அம்மா கண்ணை மூடிய சமயம் நான் ஊரில் இல்லை. அவள் வாயில் கடைசித் தீர்த்தம் விட்டவள் அடுத்த வீட்டு அம்மாள். பெற்ற பிள்ளை இருந்தும் அயலாள் கையால் ஜலம்! இந்த முள் என் நெஞ்சில் தைத்துக்கொண்டேயிருந்தது.

பெயர்தான் அக்னி தீர்த்தம். அங்கே சமுத்திரம் குளம் போல் சாதுவாயிருக்கிறது. ஸ்நானம் செய்து கரையேறியதும், சாஸ்திரிகள் எள்ளும் தண்ணீரும் விடச் செய்தார். முடிவில் தர்ப்பைக் கூர்ச்சத்தைப் பிரித்து, "இன்னும் ஒரு தரம் விடுங்கள்" என்றார்.

"இது யாருக்கு?"

"தாய் தகப்பன், பந்து மித்திரர் என்று ஒருவருமில்லாமல் போனவர்களுக்கு. அவர்களும் திருப்தியடைய வேண்டுமல்லவா?"

தகப்பனார் போன நாளாக எத்தனையோ அமாவாசைகளில் சொன்ன மந்திரந்தான். பொருளை அன்றுதான் கேட்டேன்.

பிற்பகலில் தனுஷ்கோடிக்குச் சென்றேன். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவே நாடா போல் மணல். ஒரு காலத்தில் இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிற்று. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்த ரயில், நிலையத்தை எட்டுமுன் அலைகளுக்கு இரையாயிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. கூரையிழந்த மாதா கோவில் சுவர்களும், ரயில் நிலையத்தின் சிதைவுகளும் இன்று சாட்சியாக நிற்கின்றன.

அருகே ஒரு மீனவ ஸ்திரீ மணலில் தோண்டிய குழியிலிருந்து ஜலம் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"உப்புக் கரிக்காதா, அம்மா?" என்றேன்.

"குடிச்சுப் பாருங்க, ஐயா" என்று என் கையில் வார்த்தாள்.

தித்தித்தது! மழை நீர் மணலில் இறங்கி, கனத்த உப்பு நீரின்மேல் மிதந்து தங்குவதால் இந்த அதிசயம்.

அவள் யாரோ, நான் யாரோ. அந்தக் கணத்தில் அடுத்த வீட்டு அம்மாளின் கை நினைவுக்கு வந்தது. அதை இனி அயலாள் கை என்று எப்படிச் சொல்வேன்? என் தாய்க்கு அவள் வார்த்தாள். யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குக் காலையில் நான் வார்த்தேன். கடன் தீர்க்கும் வழி இதுதான் போலும்.

மீண்டும் கடலில் இறங்கி, இம்முறை பொருள் அறிந்தே ஒரு கை ஜலம் விட்டேன்.

ஊர் திரும்பியதும், கொண்டு வந்த கோடி தீர்த்தச் செம்பை முதலில் அடுத்த வீட்டு அம்மாளிடம் கொடுத்து நமஸ்காரம் செய்தேன்.